அமிஸ்டாட்: சங்கிலியைக் கழற்றியவர்களின் கப்பலை மறுபடி கட்டியது சரிதானா?

நெய்தல்நிலா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கனெக்டிகட் மாநிலத்துக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. பக்கத்திலேயே இருந்தும் பார்க்காமல் விட்டிருந்த அமிஸ்டாட் கப்பலுக்குப் போன சனிக்கிழமைதான் மகளை அழைத்துப் போனேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1839இல் இன்றைய சியரா லியோன் பகுதியில் பிடிக்கப்பட்ட மெண்டே மக்கள் பலரை ஒரு போர்ச்சுகீசிய அடிமைக் கப்பலில் கியூபாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஆட்களைக் கொண்டுவருவதைக் கியூபாவை ஆண்ட ஸ்பெயின் 1820லேயே தடை செய்திருந்தது. எனவே அவர்களுக்கு ஸ்பானியப் பெயர்களை வைத்து, வெகுகாலமாகக் கியூபாவில் இருப்பவர்கள் என்று பொய்ச் சீட்டு எழுதினார்கள். ஹோசே ருயிஸ் என்பவர் 49 ஆண்களை வாங்கினார். பெட்ரோ மோன்டெஸ் நான்கு குழந்தைகளை வாங்கினார். மூன்று சிறுமிகள், ஒரு பையன். இந்த 53 பேரையும் ஏற்றிக்கொண்டு ஜூன் 28ஆம் தேதி ஹவானாவிலிருந்து அமிஸ்டாட் கிளம்பியது. அந்தப் பெயருக்கு ஸ்பானிய மொழியில் 'நட்பு' என்று பொருள்.

சில நாட்களிலேயே செங்பே பியே என்ற நெல் விவசாயி, கிடைத்த ஒரு ஆணியை வைத்துப் பூட்டைத் திறந்தார். சரக்கில் கரும்பு வெட்டும் கத்திகள் இருந்தன. கேப்டனும் சமையல்காரனும் கொல்லப்பட்டார்கள். ருயிஸையும் மோன்டெஸையும் உயிரோடு விட்டு, ஆப்பிரிக்காவுக்குத் திருப்பச் சொன்னார்கள். பகலில் சூரியனைப் பார்த்துக் கிழக்கே ஓட்டியவர்கள், இரவில் யாருக்கும் தெரியாமல் வடக்கும் மேற்குமாகத் திருப்பினார்கள். இப்படியே இரண்டு மாதம். ஆகஸ்ட் 26 அன்று லாங் ஐலண்ட் கரையோரம் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பிடித்தது. நியூ ஹேவனில் சிறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1841 மார்ச் 9 அன்று விடுதலை. மிஞ்சிய 35 பேர் அந்த நவம்பரில் ஊருக்குக் கப்பலேறினார்கள்.

நாங்கள் ஏறியது அந்தக் கப்பல் இல்லை. மிஸ்டிக் என்ற ஊரின் கடல் அருங்காட்சியகப் பட்டறையில் 1998இல் தொடங்கி, 2000 மார்ச் 25 அன்று தண்ணீரில் இறக்கிய மறுபடைப்பு. இரண்டு பாய்மரம், 81 அடித் தளம். தேய்த்து மினுக்கிய மரம், காற்றில் படபடக்கும் பாய். கண்ணை எடுக்க முடியவில்லை. கீழே இறங்கினால் படுக்கைகள், சமையலறை, இன்ஜின்.

மகள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, இது அது இல்லேன்னா, நாம இங்க எதப் பாக்க வந்தோம்?"

வீட்டுக்கு வரும்வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அடிமைத்தனத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அழகான புதுக் கப்பல் கட்டுவது சரியான வழியா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

மணல்மேடு

நேராகவே சொல்கிறேன் சகோதரி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அமிஸ்டாட் ஆயிரத்தில் ஒரு கதை. பிடிபட்டவர்கள் போராடினார்கள், நல்லவர்கள் உதவினார்கள், முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் 73 வயதில் நீதிமன்றத்தில் மணிக்கணக்காக வாதாடினார், நீதி கிடைத்தது. அட்லாண்டிக்கைக் கடந்து ஏற்றிச் செல்லப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இப்படி முடிந்தது? ஒரு அரசு பணம் போட்டுக் கப்பல் கட்டும்போது, தன் நீதிமன்றம் ஜெயித்த கதையைத்தான் தேர்ந்தெடுக்கிறது.

அந்தத் தீர்ப்பையாவது முழுதாகச் சொல்கிறார்களா? அடிமைமுறை தவறு என்று அந்த நீதிமன்றம் சொல்லவே இல்லை. இவர்கள் ஸ்பெயின் சட்டப்படியே அடிமைகள் அல்ல, கடத்தி வரப்பட்டவர்கள் என்றுதான் சொன்னது. சட்டப்படி அடிமைகளாக இருந்திருந்தால் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். கப்பலில் அந்தோனியோ என்ற பையன் இருந்தான், கேப்டனின் அடிமை. அவனைக் கேப்டனின் வாரிசுகளிடம் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அவன் தப்பித்து மான்ட்ரியலுக்குப் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தான்.

அன்று தலைமை நீதிபதியாக இருந்த ரோஜர் டேனிதான் 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் இந்த நாட்டின் குடிமக்களாகவே முடியாது என்று எழுதினார். கப்பல் தளத்தில் நின்று வாழ்த்துப் பாடிவிட்டு வருபவர்களுக்கு இது தெரியுமா?

---

தோணித்துறை

தூத்துக்குடி. எங்க தாத்தா, அப்பா ரெண்டு பேரும் ஓடாவி. தோணி கட்டுறதைப் பாத்தே வளந்தவன் நான். அதனால கப்பல் பக்கத்துல இருந்து மட்டும் பேசுறேன்.

மிஸ்டிக்ல கட்டினப்போ அவங்க கையில அசல் கப்பலோட வரைபடம் எதுவும் கிடையாது. அந்தக் காலத்து பால்டிமோர் கிளிப்பர் வகைக் கப்பல்கள் எப்படி இருந்துச்சோ அதையும், சில பழைய ஓவியங்களையும் வச்சு கம்ப்யூட்டர்ல வரைஞ்சாங்க. அசலைவிடக் கொஞ்சம் நீளம், பக்கவாட்டுச் சுவரும் உயரம். வெண்கல போல்ட்டு, அடியில ஈயத்துல வார்த்த பாரம், ரெண்டு டீசல் இன்ஜின். இது ஏமாத்து வேலை இல்ல. ஆள் ஏத்துற கப்பல்னா இன்னிக்குப் பாதுகாப்பு விதி இருக்கு. எங்க தோணிகள்லயும் இப்ப இன்ஜின் இல்லாம எதுவும் மாலத்தீவு போறதில்ல.

ஆனா நெய்தல்நிலா அக்கா "அழகா இருந்துச்சு"ன்னு எழுதினதைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. பால்டிமோர் கிளிப்பர் ஏன் அந்த வடிவத்துல இருக்கு? ஒல்லியான உடம்பு, பின்னாடி சாஞ்ச பாய்மரம், தண்ணிக்குள்ள கூரா இறங்குற அடி. சரக்கு நிறைய ஏத்துறதுக்கான வடிவமே இல்ல அது. ஓடுறதுக்கான வடிவம். போர்க்காலத்துல எதிரிக் கப்பல்கிட்ட சிக்காம ஓடுறதுக்குன்னு கட்டினாங்க. அப்புறம் அடிமை வியாபாரம் சட்டவிரோதமானதும், ரோந்துக் கப்பல்கிட்ட இருந்து தப்பிக்க அதே வடிவம் கள்ளத்தனமா ஆள் கடத்துறவங்களுக்கு ரொம்ப வேண்டியதாப் போச்சு. கண்ணுக்குத் தெரியிற அந்த அழகுக்குள்ளேயே குத்தம் இருக்கு. ஒரு ஓடாவி தன் கையால வங்குக்கால் வச்சு, பலகை வளைச்சு, கலப்பத்து அடிச்சு அந்த வடிவத்தைக் கொண்டுவரும்போது இதைச் சொல்லிக்கிட்டே செஞ்சான்னா, அதைவிடப் பெரிய பாடம் கிடையாதுன்னு நான் நெனைக்கிறேன்.

(தெரியாதவங்களுக்கு: வங்குக்கால்னா கப்பலோட விலா எலும்பு மாதிரி வளைஞ்ச மரம். கலப்பத்துங்கறது பலகை இடுக்குல பஞ்சு திணிச்சு எண்ணெய் பூசி அடைக்கிற வேலை.)

---

வகுப்பறை ஜன்னல்

திருச்சியில் வரலாறு கற்பிக்கிறேன். தோணித்துறை தம்பி சொன்னதை நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிட வேண்டும். நாம் படங்களில் பார்க்கும், ஆட்களை வரிசையாக அடுக்கிய அடிமைக் கப்பல் வேறு, அமிஸ்டாட் வேறு. அமிஸ்டாட் கியூபாவின் கரையோரம் சரக்கு ஏற்றி ஓடிய சிறிய கப்பல். இவர்களைப் பெருங்கடல் தாண்டிக் கொண்டுவந்தது டெக்கோரா என்ற அந்தப் போர்ச்சுகீசியக் கப்பல். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த வரைபடம் புரூக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பலுடையது, 1788இல் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் அச்சடித்தது. புதுச் சட்டப்படி அதில் 454 பேரை ஏற்றலாம். அதற்கு முன் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருந்தது.

ஆகவே நியூ ஹேவனில் உள்ள கப்பலின் அடித்தளத்தில் இறங்கி அந்தக் கொடூரத்தைத் தேடினால் கிடைக்காது. அசலே இன்று இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

சில இடங்களில் பிள்ளைகளைத் தரையில் நெருக்கிப் படுக்கவைத்து 'அடிமைக் கப்பலில் இருந்தவர்களின் அனுபவம்' என்று நடத்துகிறார்கள். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். பத்து நிமிடம் படுத்து எழுந்த பிள்ளை "எனக்குத் தெரியும்" என்று நினைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், அந்த வகுப்பில் அந்த மக்களின் வழிவந்த பிள்ளை ஒன்று இருந்தால் அது என்ன பாடுபடும்? நம் ஊரில் சாதிக் கொடுமையை வகுப்பில் 'நடித்துக் காட்டுங்கள்' என்றால் எந்தப் பிள்ளை எந்த வேடத்துக்குத் தள்ளப்படும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அந்தக் கப்பலில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுக்க வேண்டியது வலியை அல்ல, அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை. ஆணி, பூட்டு, கத்தி, சூரியன், இரவில் மாறிய திசை. இவை எல்லாம் தளத்தில் நின்று கையை நீட்டிக் காட்டக்கூடியவை. வலியைக் காட்டுகிறேன் என்று கிளம்பும் மறுபடைப்பு தோற்கும். செயலைக் காட்டுவதில் அது ஜெயிக்கும்.

---

மணல்மேடு

ஐயா, செயலைக் காட்டலாம் என்பதை ஏற்கிறேன். செலவு? மரக்கப்பல் வருடா வருடம் பணம் தின்னும். அந்தக் கப்பலை முதலில் நடத்திய அமைப்பு என்ன ஆனது என்று நெய்தல்நிலா எழுதவில்லையே.

---

நெய்தல்நிலா

எழுதியிருக்க வேண்டும், நீங்கள் கேட்டது நியாயம்.

2007இல் கப்பல் நியூ ஹேவனிலிருந்து கிளம்பி கனடாவின் ஹாலிஃபாக்ஸ், பிறகு இங்கிலாந்து, போர்ச்சுகல் வழியாக அந்த ஆண்டு இறுதியில் சியரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுன் போய்ச் சேர்ந்தது. பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்து 200 ஆண்டு நிறைந்த நேரம் அது. செங்பே பியேயின் முகம் அச்சான 5,000 லியோன் நோட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்த மக்கள், அவர் பெயரோடு சேர்ந்த கப்பல் துறைமுகத்துக்குள் வருவதைப் பார்த்தார்கள். 2010 மார்ச்சில் ஹவானாவுக்கும் போனது.

அதற்குப் பிறகுதான் சரிவு. நடத்திய அமைப்பு மூன்று வருடம் வரிக்கணக்குத் தாக்கல் செய்யாமல் 2013இல் லாபநோக்கற்ற அமைப்பு என்ற தகுதியை இழந்தது. மாநிலம் கொடுத்த பணம் என்ன ஆனது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. நீதிமன்றம் பொறுப்பாளரை நியமித்தது. 2015இல் புதிய அமைப்பு ஒன்று கப்பலை வாங்கி மறுபடி பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்தது. இடையில் பல வருடங்கள் சொந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "எங்கள் பிள்ளைகளுக்கென்று கட்டிய கப்பல் எங்கே போனது என்று எங்களுக்கே தெரியாது" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு மறக்கவில்லை.

கட்டுவதற்குப் பணம் தர எல்லோரும் வருவார்கள். பத்தாவது வருடம் பலகை மாற்ற யார் வருவார்கள் என்பதையும் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

---

வல்வையான்

எல்லாரும் மன்னிக்க வேணும், கொஞ்சம் விலகிப் போறன். நான் வல்வெட்டித்துறை, இப்ப டொராண்டோவில.

நீங்கள் சொல்லுற அதே நியூ இங்கிலாந்துக் கரைக்கு எங்கட ஊரில கட்டின கப்பல் ஒண்டு போனது. அன்னபூரணி அம்மாள். எங்கட ஓடாவிமார் கட்டின இரண்டு பாய்மரக் கப்பல். அதை ஒரு அமெரிக்கர் வாங்கிக்கொண்டு போக, 1938இல மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கட ஆக்கள்தான் ஓட்டிக்கொண்டு போனவை. சின்ன வயசில அம்மம்மா சொல்லச் சொல்லக் கேட்ட கதை.

ஏன் சொல்லுறன் எண்டால், கப்பல் எண்ட பொருளுக்கு ஒரு சக்தி இருக்கு. அன்னபூரணியைப் பற்றி எழுதின கட்டுரையள் கனக்க இருக்கு. ஆனா ஊரில கதைக்கிற எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான்: "அதை ஒருக்காத் திரும்பக் கட்டேலாதோ?" புத்தகம் ஒருவர் தனிய இருந்து வாசிக்கிறது. கப்பலைக் கட்ட ஊர் கூட வேணும். மிஸ்டிக்கில வேலை நடக்கேக்க சனம் வந்து நிண்டு பாக்கலாம். அப்ப அந்தக் கப்பல் தண்ணியில இறங்க முதலே சொல்லித்தரத் தொடங்கீட்டுது எண்டுதான் நான் நினைக்கிறன். மணல்மேடு அண்ணை செலவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனா செலவில்லாமல் எந்த நினைவும் நிக்காது அண்ணை.

---

மட்டுறுத்துநர்

அன்னபூரணிக்குத் தனி இழை தொடங்கலாம், தகவல் உள்ளவர்கள் அங்கே எழுதுங்கள். இங்கே மறுபடைப்பும் அடிமைமுறைக் கல்வியும் பற்றித் தொடர்வோம்.

---

வகுப்பறை ஜன்னல்

மறுபடைப்பா, உண்மைப் பொருளா என்ற கேள்விக்கு இரண்டு கப்பல்களை வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று அலபாமாவின் குளோடில்டா. அமெரிக்காவுக்குள் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவருவது 1808இலிருந்தே குற்றம். அதை மீறி 1860இல் சுமார் 110 பேரை மொபீலுக்குக் கொண்டுவந்தார்கள். தடயத்தை அழிக்கக் கப்பலைக் கொளுத்தி ஆற்றில் மூழ்கடித்தார்கள். வந்தவர்கள் உள்நாட்டுப் போருக்குப் பின் ஊர் திரும்ப வழியில்லாமல், நிலம் வாங்கி ஆப்பிரிக்கடவுன் என்று தங்களுக்கென ஒரு ஊரை உண்டாக்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் "எங்கள் முன்னோர் ஒரு கப்பலில் வந்தார்கள்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னதைப் பலர் கட்டுக்கதை என்றே ஒதுக்கினார்கள். 2019இல் ஆற்றுச் சேற்றுக்குள் கிடந்த கப்பல் அதுதான் என்று உறுதியானது. மேலே தூக்கலாமா என்று ஆராய்ந்து பார்த்து, கிடக்கும் இடத்திலேயே பாதுகாப்பதுதான் நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று 1794இல் கேப் டவுன் அருகே உடைந்த சாவோ ஜோசே. மொசாம்பிக்கிலிருந்து பிரேசிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன கப்பல். 200க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கிப்போனார்கள். அதிலிருந்து எடுத்த இரும்புப் பாளங்கள் வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவை அடிபாரம். மூட்டைச் சரக்குக்கு இருக்கும் கனம் மனித உடல்களுக்கு இருக்காது, கப்பல் மிதந்து ஆடும். அதை ஈடுகட்ட இரும்பு. ஒரு பாளத்தைப் பார்த்தாலே போதும், மனிதனைச் சரக்காகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது பேச்சில்லாமல் புரிந்துவிடும்.

அமிஸ்டாட்டுக்கு இந்த வழியே இல்லை. அசல் கப்பல் ஏலத்தில் போய், அயான் என்று பெயர் மாற்றப்பட்டு, கரிபியன் பக்கம் விற்கப்பட்டபின் தடயமே இல்லை. பொருளே இல்லாத இடத்தில்தான் மறுபடைப்புக்கு வேலை வருகிறது. உண்மைப் பொருள் சாட்சி சொல்லும். மறுபடைப்பால் சாட்சி சொல்ல முடியாது. அங்கே சாட்சியை நாம்தான் வாயால் சொல்ல வேண்டும். நெய்தல்நிலா, உங்கள் மகளின் கேள்விக்கு என் பதில் இதுதான் அம்மா.

---

டர்பன் பேத்தி

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். என் தமிழ் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முன்னோர் மதராசிலிருந்து கப்பலில் வந்தவர்கள். முதல் கப்பல் டுரூரோ, 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். என் பாட்டியின் பாட்டிக்கு இருந்த எண்ணை எங்கள் வீட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

இதை அடிமைமுறையோடு ஒன்றாகச் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். கரும்புத் தோட்டத்தில் அடி, பட்டினி, ஏமாற்று எல்லாம் இருந்தது. ஆனால் எங்களுக்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது, அது முடிகிற தேதி இருந்தது, பிறக்கும் பிள்ளை முதலாளியின் சொத்து இல்லை. அமிஸ்டாட் மக்களுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. "எங்களுக்கும் அதேதான் நடந்தது" என்று தமிழர்கள் சொல்லும்போது என் ஊரில் உள்ள ஆப்பிரிக்கத் தோழிகள் வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு உண்மையான அடிமை வணிகத் தொடர்பும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் பஞ்சம் வந்தபோது டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வாங்கி இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். கேப் டவுனில் அடிமைகளாக இருந்தவர்களிலும் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள் உண்டு. அதைப் பேசும்போது மட்டும் நம் ஆட்கள் அமைதியாகிவிடுகிறார்கள். விற்றவர்களிலும் நம்மவர்கள் இருந்ததால்தானோ?

---

மணல்மேடு

டர்பன் அக்கா கேட்டதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் நாகப்பட்டினத்துக்காரன். பள்ளியில் இதை ஒரு வரி படித்ததில்லை.

என் எதிர்ப்பை முழுக்க விடவில்லை. 1841 நவம்பரில் அமிஸ்டாட் மக்கள் ஊருக்குக் கப்பலேறிய அதே மாதத்தில் கிரியோல் என்ற அமெரிக்கக் கப்பலில், அடிமையாக ஏற்றப்பட்ட மாடிசன் வாஷிங்டனும் கூட்டாளிகளும் கிளர்ந்தெழுந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு விற்கப் போன கப்பலைப் பஹாமாஸ் தீவின் நாசோவுக்குத் திருப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு விடுதலை. எந்த அமெரிக்க நீதிமன்றமும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் மண்ணில் இறங்கியதால் கிடைத்தது. அமெரிக்க அரசு அவர்களைத் திருப்பித் தரச்சொல்லி மல்லுக்கு நின்றது. அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அமிஸ்டாட் தளத்தில் நிற்கும் வழிகாட்டி கிரியோலையும் சொல்லட்டும், டிரெட் ஸ்காட்டையும் சொல்லட்டும். அப்போது அந்தக் கப்பலுக்கு என் ஓட்டு.

---

சொல்லாய்வு

மொழியியல் மாணவன். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று எனக்கு மிகப் பிடித்தது.

நியூ ஹேவன் சிறையிலிருந்த அமிஸ்டாட் மக்கள் பேசிய மொழி அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஏல் கல்லூரிப் பேராசிரியர் ஜோசையா கிப்ஸ் அவர்களிடம் போய் ஒவ்வொரு விரலாகக் காட்டி, ஒன்று முதல் பத்து வரை அவர்கள் மொழியில் கற்றுக்கொண்டார். பிறகு நியூ யார்க் துறைமுகத்துக்குப் போய், கண்ணில் பட்ட ஆப்பிரிக்க மாலுமிகள் முன்னால் அந்த எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஜேம்ஸ் கோவி என்ற இளைஞன் திரும்பிப் பார்த்தான். அவனும் சிறுவனாகக் கடத்தப்பட்டு, பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டவன். அவனைச் சிறைக்கு அழைத்துவந்து, அவன் மெண்டே மொழியில் பேசியதும் உள்ளே இருந்தவர்கள் எழுப்பிய ஆரவாரத்தை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

வழக்கின் உயிரே மொழிதான். சீட்டில் 'கியூபாவில் வெகுகாலம் இருந்தவர்கள்' என்று எழுதியிருந்தது. ஸ்பானிய மொழி ஒரு வார்த்தை வராத மனிதர்கள் எப்படி வெகுகாலம் இருந்திருக்க முடியும்? பத்து வயதுகூட ஆகாத சிறுமிகள் 1820க்கு முன்பே வந்திருக்க முடியுமா? அந்தக் குழந்தைகளின் வயதும் வாயும்தான் பொய்ச் சீட்டைக் கிழித்தன. காலே என்ற பையன் சிறையிலேயே ஆங்கிலம் கற்று, ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதினான். மார்க்ரு என்ற சிறுமி பின்னால் அமெரிக்காவுக்கே திரும்பி வந்து ஓபர்லின் கல்லூரியில் படித்தாள்.

மெண்டேயில் நான்குக்கு 'நானி', ஐந்துக்கு 'லோலு'. நானி என்றதும் இங்கே சிலருக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். தற்செயலான ஒலி ஒற்றுமை மட்டுமே, இதை வைத்துத் தமிழ்த் தொடர்பு கிளப்ப வேண்டாம்.

---

நெய்தல்நிலா

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக இந்த இழையை மகளுக்குத் தினமும் படித்துக் காட்டினேன்.

நேற்று மறுபடி நியூ ஹேவன் போனோம், கப்பலுக்கு இல்லை. நகர மன்றத்தின் முன்னால், அவர்களை அடைத்திருந்த சிறை நின்ற இடத்தில், செங்பே பியேயின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1992இல் வைத்தது. 14 அடி உயரம், மூன்று பக்கமும் மூன்று காட்சிகள். மகள் மூன்று முறை சுற்றிவிட்டு, "53லேந்து 35 போனா 18. அந்தப் பதினெட்டு பேர் எங்க?" என்றாள். கப்பலில் சிலர், சிறையில் சிலர். ஃபூனே என்பவர் விடுதலை கிடைத்த பிறகு, ஊர் திரும்பப் பணம் சேர்வதற்காகக் காத்திருந்த மாதங்களில், ஃபார்மிங்டனில் தண்ணீரில் மூழ்கி இறந்தார். வேறு யாருடைய கதையையும்விட அதுதான் அவளை மிகவும் உலுக்கியது.

வீட்டுக்கு வந்ததும் தோணித்துறை தம்பிக்குத் தனிச்செய்தி அனுப்பி, கப்பலைத் தரையில் முழு அளவில் எப்படி வரைவது என்று கேட்டாள். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நடுக்கோட்டுக்குக் கயிறு கட்டி, அடிக்கு அடி அகலம் குறித்து, வளைவுக்கு மெல்லிய மூங்கில் பட்டையை வளைத்துப் பிடித்து. இன்று காலை எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் 81 அடி நீளம், 23 அடி அகலத்தில் சுண்ணக்கட்டியால் கப்பல் வரைந்தோம். ஆசிரியர் ஐயா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படுத்துப் பார்க்கிறோம் என்று வந்தபோது வேண்டாம் என்றாள். ஆற்றங்கரையிலிருந்து கல் பொறுக்கி வந்து 53 கல் வைத்தாள். நான்கு சின்னக் கல். அந்தோனியோவுக்கு ஒன்று தனியாக.

மாலைக்குள் ஏழெட்டுக் குடும்பங்கள் வந்து, என்ன இது என்று கேட்டுவிட்டன. அவளே எல்லோருக்கும் சொன்னாள். ஆணியிலிருந்து தொடங்கினாள்.

படத்தை இணைத்திருக்கிறேன். தம்பி, சரியாக வந்திருக்கிறதா பாருங்கள்.

---

தோணித்துறை

பாத்தேன் அக்கா. அப்பாகிட்டயும் காட்டினேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

ஒரே ஒரு திருத்தம் சொல்லச் சொன்னாரு. பாப்பா வரைஞ்சதுல அகலம் சரியா நடுவுல இருக்கு. இந்தக் கப்பலுக்கு அப்படி வராது. அகலமான இடம் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால, அணியத்துப் பக்கமா இருக்கணும். அங்கேருந்து பின்னால அமரம் வரைக்கும் மெதுவா ஒடுங்கிக்கிட்டே போகணும். மூங்கில் பட்டையை இன்னும் ஒரு ஆள் நடுவுல பிடிச்சா வளைவு தானா வந்துரும். கல்லை எடுக்காம ஓரத்துக் கோட்டை மட்டும் அழிச்சு வரையச் சொல்லுங்க.